ஒளியைக் குறைத்துப் பார்த்தல்

உயிருள்ள செல்லுக்குப் பெரும்பாலும் நிறம் கிடையாது. நுண்ணோக்கியில் கண் வைக்கிறவர்களுக்கு முதல் தடை செல்லின் சிறுமை என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். சிறியதைப் பெரிதாக்க லென்ஸ் போதும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கிற சாதாரணக் கருவியே 400 மடங்கு பெருக்கிக் காட்டிவிடும். ஆனால் விழுகிற ஒளியைத் தடுக்காமல் மறுபக்கம் அனுப்பிவிடுகிற ஒன்றை எத்தனை மடங்கு பெருக்கினாலும் என்ன தெரியும்? செல்லின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். அதைச் சுற்றி ஸ்லைடில் நாம் விட்டதும் தண்ணீர். தண்ணீருக்குள் தண்ணீரைத் தேடுகிற வேலை இது.

ஆய்வக மேசையருகே பல வருஷம் பிள்ளைகளோடு நின்றதில் ஓர் எண்ணம் மனத்தில் ஊறிக்கொண்டே இருக்கிறது. சாயம் ஏற்றினால் செல் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் பெரும்பாலும் அதற்குள் இறந்துவிடுகிறது. உயிரோடு விட்டால் அதற்குள் ஓட்டம் இருக்கிறது, சுருக்கமும் விரிவும் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குச் சரியாக அகப்படுவதில்லை. செல்லைப் பார்த்தவர்களின் முந்நூற்றைம்பது ஆண்டு உழைப்பு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவேதான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நினைக்க நினைக்க வந்தவற்றை இங்கே குறித்து வைக்கிறேன்.

*

எல்லா ஊர்ப் பள்ளிகளும் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டதற்கு நல்ல காரணம் உண்டு. அதன் சதைப்பற்றான அடுக்கு ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு தோல் போர்த்தியிருக்கிறது. மற்றச் செடிகளில் இவ்வளவு மெல்லிய துண்டு வேண்டுமென்றால் பிளேடால் சீவிச் சீவிக் கை பழக வேண்டும். வெங்காயம் அந்த வேலையை நமக்கு வைக்கவில்லை.

பெரிய வெங்காயத்தை நாலாக நறுக்கி ஓர் அடுக்கைக் கழற்றிக்கொள்ள வேண்டும். அதை ஒடித்தால் சதை முறிந்தாலும் உள்தோல் முறியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். இடுக்கியால் அந்த ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஈரமான, ஏறக்குறைய பார்வைக்கே தெரியாத ஒரு படலம் உரிந்து வரும். உடனே வாட்ச் கிளாஸில் இருக்கிற தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டு காய்ந்துபோகும். விரல்நகத்தில் பாதி அளவுக்கு வெட்டி, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மடிப்பு விழாமல் ஊசியால் விரித்து, ஒரு சொட்டு அயோடின். பிறகு கவர் ஸ்லிப். அதன் ஒரு விளிம்பு நீரைத் தொடும்படி சாய்த்து வைத்து, மறு விளிம்பை ஊசியில் தாங்கி, மெல்ல மெல்ல இறக்க வேண்டும்.

அவசரப்பட்டுப் போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். புதிதாகப் பார்க்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் முதலில் பார்த்து மகிழ்வது அந்தக் குமிழியைத்தான். கறுத்துத் தடித்த விளிம்பு, நல்ல வட்டம், நடுவில் வெளிச்சம். அதை ஆசையாக வரைந்தும் விடுவார்கள். காற்றும் நீரும் சந்திக்கிற இடத்தில் ஒளி மிகவும் வளைகிறது, அதனால்தான் குமிழிக்கு அவ்வளவு எடுப்பான ஓரம். செல்லுக்கும் நீருக்கும் இடையே அந்த வேறுபாடு மிகக் குறைவு. எல்லைக்கோடு எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பது இரண்டு பக்கமும் இருக்கிற பொருள்களின் வேறுபாட்டைப் பொறுத்தது என்று குமிழியைக் காட்டியே சொல்லிக்கொடுக்கலாம்.

அயோடின் ஏறிய தோலில் கால் மில்லிமீட்டர் நீளத்துக்கு நீண்ட செல்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பழுப்பாக ஓர் உட்கரு. உருளைக்கிழங்கில் அயோடின் விட்டால் கருநீலம் வரும், வெங்காயத்தில் வராது. வெங்காயம் தன் சேமிப்பை மாவாக வைப்பதில்லை, சர்க்கரைகளாக வைக்கிறது. பச்சையமும் இல்லை. மண்ணுக்குள் இருக்கிற கிழங்குக்குப் பச்சையம் எதற்கு?

பெரும்பாலான செல்களில் உட்கரு ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். நடுவிடத்தை நுண்குமிழி முழுக்க அடைத்துக்கொண்டிருப்பதால் உட்கருவுக்குச் சுவரோரம்தான் இடம். ஆனால் சில செல்களில் அது நட்டநடுவே இருக்கும். விதிவிலக்கோ என்று தோன்றும். நுண்திருகை ஒரு மயிரிழை திருப்பினால் விடை கிடைத்துவிடும். அந்த உட்கருவும் சுவரோரத்தில்தான் இருக்கிறது. நம்மை நோக்கியிருக்கிற மேல்சுவரிலோ நமக்கு அப்பால் உள்ள அடிச்சுவரிலோ ஒட்டியிருப்பதால் நமக்கு நடுவாகத் தெரிகிறது. பாடப்புத்தகப் படத்தில் செல்லுக்கு நீளமும் அகலமும் மட்டும்தான். அதற்குக் கூரையும் தரையும் உண்டு என்பதைத் திருகு சொல்லித் தருகிறது.

*

“டீச்சர், ஒண்ணுமே தெரியல டீச்சர். ஒரே வெள்ளையா இருக்கு.”

“டயஃப்ரத்தக் கொஞ்சம் மூடுப்பா.”

“மூடுனா இருட்டாயிடும்ல டீச்சர்?”

“மூடிப் பாரேன்.”

ஒவ்வொரு வகுப்பிலும் இந்தப் பேச்சு நடக்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு இது பிடிக்கும். மேடைக்கு அடியில் ஒரு சிறு நெம்புகோல். அதை நகர்த்தினால் துளை சுருங்கும், வெளிச்சம் குறையும். வெள்ளையாக இருந்த இடத்தில் கோடுகள் எழுந்து வரும். சுவர் தெரியும், பிறகு உட்கருவின் விளிம்பு, பிறகு பொடிப்பொடியாக ஏதோ சில.

காரணம் இதுதான். துளை அகலமாக இருக்கும்போது ஒளி எல்லாக் கோணங்களிலிருந்தும் வந்து செல்லின் மெல்லிய நிழல்களை மூழ்கடித்துவிடுகிறது. துளை சிறுத்தால் ஒளி ஏறக்குறைய ஒரே திசையில் வருகிறது. அப்போது விளிம்பில் நேர்கிற சிறு வளைவுகூட இருட்டும் வெளிச்சமுமாகப் பிரிந்து கோடாகிறது. அதற்காக மூடிக்கொண்டே போகவும் கூடாது. ஓர் அளவுக்கு மேல் போனால் ஒற்றைச் சுவர் இரட்டைச் சுவராகத் தெரியத் தொடங்கும், இல்லாத வளையங்கள் முளைக்கும், நுணுக்கங்கள் குழைந்துபோகும். 1893-இல் ஆகஸ்ட் கோலர் என்ற ஜெர்மானியர் இந்த வெளிச்சத்தை முறைப்படுத்துவதற்கென்றே ஒரு முறை வகுத்தார், இன்றும் உயர்தரக் கருவிகள் அவர் வழியில்தான் ஒளியூட்டப்படுகின்றன. எங்கள் பள்ளிக் கருவியில் அதற்கு வசதியில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிய ஒரு கண்ணாடியும் ஒரு டயஃப்ரமும்தான். அவை போதும். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனியாகக் கேட்கிறது. அதைக் கேட்டு விரல் பழகுவதற்குத்தான் நேரம் ஆகிறது.

*

ராபர்ட் ஹூக் 1665-இல் ‘மைக்ரோகிராஃபியா’வை வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பேனாக்கத்தியைச் சவரக்கத்தி அளவுக்குத் தீட்டித் தக்கையில் ஒரு மெல்லிய சீவல் எடுத்தார். தக்கை வெளிர்நிறம் என்பதால் கறுப்புத் தட்டின்மேல் வைத்து, ஒரு தடித்த லென்ஸால் அதன்மேல் ஒளியைக் குவித்துப் பார்த்தார். தேன்கூட்டை நினைவூட்டும் அறைகள் தெரிந்தன. செல் என்று பெயரிட்டார்.

அதோடு நிற்கவில்லை, எண்ணவும் செய்தார். ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கில் ஏறக்குறைய அறுபது அறைகள். அப்படியானால் ஓர் அங்குல நீளத்தில் 1,080. ஒரு கன அங்குலத்தில் 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். கண்ணால் பார்த்த ஒருவர் நம்ப முடியாத ஒன்றை எண்களால் தனக்கே நிரூபித்துக்கொள்கிற அந்த இடம் எனக்கு மிகவும் நெருக்கமானது.

அவர் பார்த்தது மரத்தின் இறந்த பட்டை. செல்லுக்குள் இருந்ததெல்லாம் போய்ச் சுவர் மட்டும் நின்றது. உள்ளே காற்று, வெளியே சுவர். அதனால்தான் அவ்வளவு தெளிவு. பச்சைச் செடிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவற்றின் அறைகளில் சாறு நிரம்பியிருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். அந்தச் சாற்றில் என்ன இருக்கிறது என்பதை அவருடைய கருவி காட்டவில்லை. செல்லின் முதல் தெளிவான படம் உயிர் நீங்கிய செல்லின் படமாக அமைந்தது இயல்பு என்றுதான் இப்போது படுகிறது. உட்கரு எல்லாச் செல்லுக்கும் பொதுவான ஓர் உறுப்பு என்று சந்தேகிக்க இன்னும் 166 ஆண்டுகள் ஆயின. 1831-இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் இலைகளின் மேல்தோலில் செல்லுக்கு ஒன்றாக ஒரு வட்டம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அதற்கு முன்னும் சிலர் கண்ணில் அது பட்டிருந்தது. திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் பொருட்படுத்தியவர் அவர்.

*

சாயம் துணிக்காரர்கள் வழியாக வந்தது. டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹூக்கே துணி வணிகர்தான். நூலின் தரத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கிற தொழில். மணியளவு ஒற்றை லென்ஸ்களைத் தாமே தேய்த்து, அவற்றைக்கொண்டு ரத்தத்தின் சிவப்பணுக்களையும் குளத்து நீரின் ஓரணு உயிர்களையும் பார்த்தார். முதிர்ந்த வயதில் தசை நார்களுக்குக் குங்குமப்பூச் சாறு ஏற்றியும் பார்த்திருக்கிறார். பொருள் தானாகத் தெரியாதபோது அதற்கு நிறம் கொடுக்கலாம் என்ற யோசனை அவ்வளவு பழையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் வந்தன. மெத்திலீன் நீலத்தை 1876-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஹைன்ரிஷ் காரோ தயாரித்தார். பருத்தித் துணிக்கான சாயம் அது. துணியில் எந்தச் சாயம் எந்த நூலைப் பற்றும் என்று பார்த்தவர்களின் அறிவு, செல்லில் எந்தச் சாயம் எந்த உறுப்பைப் பற்றும் என்ற கேள்விக்குக் கைகொடுத்தது. உட்கருவில் அமிலத்தன்மையுள்ள பொருள் நிறைய, அதனால் காரச் சாயமான மெத்திலீன் நீலத்தை அது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

*

விலங்கு செல்லுக்குக் கன்னத்தின் உட்புறம். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, பல்குச்சியின் மழுங்கிய முனையால் உள்கன்னத்தை லேசாக வருட வேண்டும். அழுத்தத் தேவையில்லை. வாயின் மேல்வரிசைச் செல்கள் தாமாகவே உதிர்ந்துகொண்டே இருப்பவை. ஸ்லைடில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு, கவர் ஸ்லிப் போட்டு, ஓரத்தில் வழிவதை வடிதாளால் ஒற்றி எடுத்தால் முடிந்தது.

வெங்காயத்திலிருந்து இதற்கு வரும்போது கண் சற்றுத் தடுமாறும். வரிசை இல்லை. செல் சுவர் இல்லாததால் நேர்கோடு எங்குமே இல்லை. ஐம்பது அறுபது மைக்ரான் அகலத்தில் தட்டையான, ஒழுங்கற்ற பலகோண வடிவங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், சிலவற்றின் ஓரம் மடிந்திருக்கும். நடுவே அடர்நீலத்தில் உட்கரு. செல்லின் மேல் அதைவிடப் பொடியாக, புள்ளி புள்ளியாக நீலத்துகள்கள் ஒட்டியிருந்தால் சாயம் திரிந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அவை வாயில் குடியிருக்கும் பாக்டீரியங்கள். 1683-இல் லீவன்ஹூக் தம் பல்லிடுக்கு அழுக்கில் கண்டு லண்டன் ராயல் கழகத்துக்கு எழுதியனுப்பியதும் இந்தக் கூட்டத்தைப் பற்றித்தான்.

ஒரு பையன் ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: “இது நானா டீச்சர்?”

“இப்பதான் உன்னை விட்டு வந்துச்சு” என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவன் அடுத்தவனுக்கு இடம் விடவே இல்லை.

*

குளத்தில் கிடைக்கிற ஹைட்ரில்லாவுக்குச் சாயம் எதுவும் வேண்டாம். தண்டின் நுனிக்கு அருகிலிருந்து ஓர் இளம் இலையைக் கிள்ளி, குளத்து நீரிலேயே ஒரு சொட்டில் முழுசாக வைத்தால் போதும். இலையே இரண்டு செல் கனம்தான், சீவ வேண்டியதில்லை. செல்லுக்குள் இருக்கிற பசுங்கணிகங்கள் இயற்கையே இட்ட நிறம்.

வைத்தவுடன் எதுவும் நடக்காது. பச்சை மணிகள் சுவரோரம் அசையாமல் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சில நிமிஷம் விட வேண்டும். நடு நரம்பை ஒட்டிய நீண்ட செல்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே கண்ணை வைத்துக் காத்திருக்க வேண்டும். முதலில் ஒரு மணி நகரும். நாம்தான் தலையை அசைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். பிறகு இரண்டு, பிறகு நாலைந்து. கொஞ்ச நேரத்தில் பசுங்கணிகங்கள் எல்லாம் ஒரே திசையில், சுவரை ஒட்டி, நான்கு மூலையிலும் திரும்பித் திரும்பி, நான்கு மாடவீதியும் சுற்றி வருகிற தேர்போலச் சுற்றத் தொடங்கிவிடும். மூலையில் சில தேங்கும், பின்னால் வருவது இடிக்கும், ஒன்று பிறழ்ந்து, பிறகு சேர்ந்துகொள்ளும்.

பசுங்கணிகங்கள் தாமாக ஓடவில்லை. ஓடுவது சைட்டோபிளாசம். அது நிறமற்றது, நம் கண்ணுக்குத் தெரியாது. அதில் மிதந்து போகிறவற்றை வைத்துத்தான் ஓட்டத்தை அறிகிறோம். செல்லின் ஓரத்தில் உள்ள நுண்ணிய புரத இழைகளின்மேல் மயோசின் என்னும் புரதம் நகர்ந்து போகிறது, அதன் இழுப்பில் சைட்டோபிளாசம் முழுவதும் நகர்கிறது. நம் தசையைச் சுருக்குவதும் இந்த இரண்டு புரதங்களின் குடும்பந்தான். இந்த ஓட்டத்தை முதலில் பதிவு செய்தவர் இத்தாலியப் பாதிரியார் பொனவெந்தூரா கோர்த்தி, 1774-இல், காரா என்ற நீர்ப்பாசியில்.

40 மடங்கு அப்ஜெக்டிவில் கூர்மையாகத் தெரிகிற தளத்தின் கனம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். அதனால் நுண்திருகைத் திருப்பிக்கொண்டே போனால் முதலில் மேல்வரிசைச் செல்களின் கூரை வரும், பிறகு அவற்றின் நடு, பிறகு தரை. இன்னும் இறங்கினால் முதல் வரிசை கலங்கி மறைந்து, அடியிலிருக்கிற செல்வரிசை வேறு அளவில், வேறு அடுக்கில் மேலெழும். எந்த ஒரு கணத்திலும் நாம் பார்ப்பது ஒரு தளம் மட்டும். முழுச் செல்லையும் மனத்தில்தான் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. வலக்கை திருகிலேயே இருக்கட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஒரு தடவை ஃபோகஸ் செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள்.

ஹைட்ரில்லா ஸ்லைடை ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விட்டு மாலைவரை வைத்திருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும். அதே ஸ்லைடில் ஓரத்தில் அயோடின் விட்டால் இலைக்குள் அது ஊறுகிற வேகத்திலேயே ஓட்டம் செல் செல்லாக நின்றுபோகும். உட்கரு அப்போது எடுப்பாகத் தெரியும். நான் அதைச் செய்து காட்டுவதில்லை. தெரிய வேண்டியதை வெங்காயத்திலேயே பார்த்தாகிவிட்டது.

*

பதிவேட்டில் வரைகிற படம் பற்றி ஒரு குறிப்பு.

கன்னத்துச் செல்லைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் வரைவதில் மைட்டோகாண்ட்ரியா இருக்கும், எண்டோபிளாச வலை இருக்கும், ரைபோசோம் புள்ளிகள் இருக்கும், செல் சவ்வு இரட்டைக் கோட்டில் இருக்கும். இவற்றில் எதையும் அவர்கள் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. 1873-இல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே கணக்கிட்டுச் சொன்ன எல்லை ஒன்று இருக்கிறது. ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியைவிட நெருக்கமாக இருக்கிற இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. சிறந்த லென்ஸிலும் அது 0.2 மைக்ரான் அளவு. செல் சவ்வின் தடிமன் அதில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு. பெருக்கத்தைக் கூட்டினால் மங்கல்தான் பெரிதாகும். அந்தச் சூத்திரத்தைக் கல்லில் பொறித்து யேனாவில் ஆபேக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். புத்தகப் படத்தில் இருக்கிற உள்ளுறுப்புகளின் விவரம் பிற்பாடு எலக்ட்ரான் நுண்ணோக்கி தந்தது. அதில் செல்லை வெற்றிடத்துக்குள் வைத்தாக வேண்டும், உயிரோடு வைக்க வழியில்லை.

புத்தகப் படம் பொய்யில்லை. ஆனால் அது பல கருவிகள், பல ஆண்டுகள் சேர்ந்து கண்ட படம். பிள்ளை இன்று காலை கண்டது வேறு. மதிப்பெண்ணுக்குப் பயந்து தன் கண்ணை விட்டுவிட்டுப் புத்தகத்தை வரைகிற குழந்தையைக் குறைசொல்ல மாட்டேன், மதிப்பெண் போடுகிற எங்களைத்தான் சொல்ல வேண்டும். மடிந்த ஓரத்தோடு, பக்கத்தில் ஒட்டிய பாக்டீரியப் புள்ளிகளோடு, கோணல்மாணலாக ஒருத்தி வரைந்து தந்தால் அதற்குத்தான் முழு மதிப்பெண்.

*

செல் பிரிவதை விளங்கிக்கொண்டவர்கள் தெளிவையும் உயிரையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தது. கீல் பல்கலைக்கழகத்தில் வால்தர் ஃப்ளெமிங் சாலமாண்டரின் இளம் உயிரிகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் செல்களும் உட்கருவும் பெரியவை. கொன்று நிலைப்படுத்திச் சாயமேற்றிய செல்களில் குரோமோசோம் இழைகள் நன்றாகத் தெரிந்தன, ஆனால் ஒவ்வொரு செல்லும் ஒரு கட்டத்தில் உறைந்து நின்றது. எது முன், எது பின்? அதற்கு அவர் உயிருள்ள செல்களைப் பார்த்தார். மங்கலாகத் தெரிந்தாலும் அங்கே வரிசை இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு 1882-இல் எழுதிய நூலில்தான் மைட்டாசிஸ் முழு வடிவம் பெற்றது.

நம் பக்கத்தில் ஈ. கே. ஜானகி அம்மாளை நினைத்துக்கொள்கிறேன். தலச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னை ராணி மேரி, மாநிலக் கல்லூரிகளில் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர். 1934-இலிருந்து சில ஆண்டுகள் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இருந்தார். அங்கே அவருடைய வேலை நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணுவது.

அது எத்தகைய வேலை என்பது வெங்காய வேர்நுனியில் எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் தெரியும். வேர்நுனியை ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டால் செல்கள் அந்தந்தக் கட்டத்திலேயே நின்றுவிடும். அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் விட்டு, கவர் ஸ்லிப்பின்மேல் வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கவர் ஸ்லிப் நகர்ந்துவிட்டால் செல்கள் உருண்டு பாழாகும். பிறகு நூற்றுக்கணக்கான செல்களைத் துழாவி, குரோமோசோம்கள் ஒன்றையொன்று மறைக்காமல் விரிந்து கிடக்கிற ஒன்றைத் தேட வேண்டும். வெங்காயத்தில் 16தான். கெட்டிக் கரும்பில் 80. காட்டுக் கரும்பான சாக்கரம் ஸ்பான்டேனியத்தில் 40-இலிருந்து 128 வரை, இடத்துக்கு இடம் மாறும். அவையெல்லாம் பொடிப்பொடி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாலும் ஒன்று கூடும், ஒன்று குறையும். மறுபடி முதலிலிருந்து. எந்தக் கலப்பு உண்மையான கலப்பு, எந்தச் செடி எதனோடு உறவு என்பதை அந்த எண்ணிக்கை சொன்னது. பின்னர் இங்கிலாந்தில் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார். 1984-இல் காலமாகும்வரை மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்களத்தில் செடிகளோடுதான் இருந்தார். ஒளி நுண்ணோக்கியில் ஆழ்ந்து போக முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

*

செல்லைக் கொல்லாமலே தெளிவாகப் பார்க்கிற வழியை நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் செர்னிக் 1930களில் கண்டுபிடித்தார். செல் ஒளியை விழுங்குவதில்லை, சற்றுத் தாமதப்படுத்துகிறது. கண்ணுக்கு அந்தத் தாமதம் தெரியாது. தாமதத்தை வெளிச்ச வேறுபாடாக மாற்றுகிற ஒரு தட்டை அவர் லென்ஸுக்குள் வைத்தார். சாயமில்லாத செல் கறுப்பும் சாம்பலுமாக எழுந்து வந்தது. 1953-இல் இயற்பியல் நோபல் பரிசு. அந்தக் கருவி பள்ளிக்கூடங்களுக்கு எட்டாத விலை.

*

எட்டுகிற விலையில் ரியோ இருக்கிறது. தோட்டங்களிலும் அலுவலக வாசல்களிலும் வளர்க்கிற, மேல்பக்கம் பச்சையும் அடிப்பக்கம் ஊதாவுமான நீண்ட இலை. இலையைச் சாய்வாகக் கிழித்தால் அடித்தோல் ஊதாப் படலமாகப் பிரிந்து வரும். நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லும் ஊதாச் சாற்றால் நிறைந்திருக்கும், நடுநடுவே இலைத்துளைகளின் காப்புச் செல்கள் பச்சையாக. நிறம் நுண்குமிழிக்குள்ளேயே இருக்கிறது. செல் உயிரோடு இருக்கிறது.

இப்போது 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரைத்துக் கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் சொட்ட வேண்டும். மறுபக்கம் வடிதாளை வைத்தால் நல்ல தண்ணீர் உறிஞ்சப்பட்டு உப்புநீர் உள்ளே வரும். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். சில நிமிஷத்துக்குள் ஊதா முதலில் செல்லின் மூலைகளிலிருந்து விலகும். பிறகு பக்கங்களிலிருந்து. சுவர் இருந்த இடத்திலேயே நிற்க, ஊதா மட்டும் உள்ளே சுருங்கி உருண்டு, சுருங்கச் சுருங்க நிறம் கறுத்துக்கொண்டே போகும். சுவர் உப்புநீரை உள்ளே விட்டுவிட்டது. விடாமல் நிறுத்தி வைத்தது சவ்வு. அதன் தடிமனை எந்த ஒளி நுண்ணோக்கியும் காட்டாது, ஆனால் அது எங்கே நிற்கிறது என்பது ஊதாவின் ஓரத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது.

பிறகு அதே வழியாக நல்ல தண்ணீர். ஊதா மெதுவாகப் பரவி மூலைகள்வரை வந்து நிரம்பும். சிலவற்றில் வராது. அதிக நேரம் உப்பில் விட்டிருந்தால் சவ்வு கிழிந்து நிறம் வெளியே கசிந்துவிடும். கொதிநீரில் முக்கி எடுத்த இன்னொரு தோலைப் பக்கத்தில் வைத்து இதே உப்புநீரை விட்டால் சுருங்கவே சுருங்காது, அது ஏற்கெனவே இறந்தாகிவிட்டது. உயிருள்ளதையும் இறந்ததையும் அடுத்தடுத்த இரண்டு ஸ்லைடுகளில் கண்ணாலேயே பிரித்துச் சொல்லிவிட முடிகிறது.

இந்தச் சோதனையை மேல்நிலை வகுப்புவரை தள்ளி வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செல் என்ற பாடம் தொடங்குகிற சின்ன வகுப்பிலேயே, வெங்காயத்துக்கு அடுத்த வாரமே காட்டிவிடலாம். வேண்டியது ஒரு ரியோ இலை, கொஞ்சம் சமையல் உப்பு, வடிதாள், ஒரு சொட்டுக்குழாய். இருபது நிமிஷம் போதும். ஒரு கருவிக்கு நாலு பிள்ளைகளுக்கு மேல் நிற்காதபடி பார்த்துக்கொண்டால் உப்பு ஏறும்போது இரண்டு பேர், தண்ணீர் ஏறும்போது இரண்டு பேர் என்று எல்லோருமே பார்த்துவிடலாம்.